மலைத் தோட்டப் பகுதியில் திருமண ஏற்பாட்டுத் தொழில்

சாதாரணக் குடும்பம் ஒன்று தன் வாழ்நாளில் மேற்கொள்ளும் பெருஞ்செலவுகளுள் வீடு கட்டுதல், பிள்ளைகளின் கல்வி, திருமணம் ஆகிய மூன்றும் தலையானவை. முதல் இரண்டும் பல மாதங்கள் அல்லது பல ஆண்டுகளில் பரவலாகச் செய்யப்படுகின்றன. திருமணச் செலவோ சில நாட்களில் செய்து முடிக்கப்படுவதாகும். வீடு கட்டுவோர் கொத்தனாரையாவது கலந்து ஒரு மதிப்பீடு தயாரிக்கின்றனர். திருமணத்திற்கு அத்தகைய மதிப்பீடு தயாரிக்கும் வழக்கம் பல குடும்பங்களில் இல்லை. செலவு முடிந்த பின்னரே அதன் அளவு தெரிய வருகிறது. அதற்குள் கடன் ஏறிவிடுகிறது.

இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சியாகத் தோன்றியதே திருமண ஏற்பாட்டுத் தொழில். பெருநகரங்களில் இது செல்வர்களின் ஆடம்பரத்திற்குத் துணைபோகும் தொழிலாகவே அறியப்பட்டுள்ளது. ஆயினும் சிறு நகரங்களிலும் தோட்டப் பகுதிகளிலும் இதற்கு வேறொரு பயன் உண்டு. அங்கு இத்தொழிலின் முதன்மையான பணி அலங்காரமன்று, கணக்கேயாகும். ஒரு குடும்பத்தின் வருவாய்க்குள் திருமணத்தை நடத்தி முடிக்கத் தெரிந்தவரே அத்தகைய இடத்தில் நிலைத்து நிற்க இயலும். கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்திலுள்ள வண்டிப்பெரியாரைச் சான்றாகக் கொண்டு இத்தொழிலின் தன்மை, வருவாய், சட்டப் பொறுப்புகள் ஆகியவற்றை ஆராய்வது பயனுடையதாகும்.

வட்டாரத்தின் நிலை

வண்டிப்பெரியார், பீர்மேடு வட்டத்தில், கோட்டயத்தையும் குமுளியையும் இணைக்கும் நெடுஞ்சாலையில், பெரியாற்றின் கரையில் அமைந்துள்ளது. 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணைக்குக் கீழே ஆறு செல்லும் வழியில் உள்ள ஊர் இது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்களும் ஏலத் தோட்டங்களும் உள்ளன. தோட்டங்கள் உருவான காலத்தில் கங்காணிகள் வழியாகத் தமிழ் மாவட்டங்களிலிருந்து அழைத்து வரப்பட்ட தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் இங்குப் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். 1956-இல் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது இப்பகுதி கேரளத்தின் பகுதியாயிற்று. ஆயினும் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் உறவுமுறை எல்லையோடு நின்றுவிடவில்லை. பெண் எடுப்பதும் கொடுப்பதும் கம்பம், உத்தமபாளையம், தேனி, திண்டுக்கல் என இன்றும் தொடர்கின்றன.

2000-ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை வீழ்ச்சியுற்றபோது பீர்மேடு வட்டத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. மூடப்பட்ட தோட்டங்களில் பணிக்கொடையும் வருங்கால வைப்புநிதியும் நெடுங்காலம் நிலுவையில் கிடந்தன. மகளின் திருமணத்திற்கு அந்தத் தொகையையே நம்பியிருந்த தொழிலாளர்கள் வெளிக்கடனை நாட வேண்டியதாயிற்று. தொழிலாளர்களின் பிள்ளைகளில் பலர் படித்துவிட்டு எர்ணாகுளம், கோயம்புத்தூர், திருப்பூர் முதலிய நகரங்களுக்கு வேலை தேடிச் சென்றனர். கொழுந்து பறிக்கும் வேலையைத் தொடர விரும்பாத, அதே வேளையில் ஊரை விட்டுப் போகவும் இயலாத இளைஞர்களுக்கு உள்ளூரில் என்ன தொழில் உண்டு என்பது இப்பகுதியின் முக்கியமான கேள்வியாகும். அதற்குரிய விடைகளுள் ஒன்றாகத் திருமண ஏற்பாட்டுத் தொழிலைக் கருதலாம்.

கூட்டு உழைப்பு குறைந்ததன் விளைவு

தோட்ட லயங்களில் திருமணம் என்பது முன்னர் அக்கம்பக்கத்தாரின் கூட்டு உழைப்பால் நடைபெற்றது. பந்தல் போடுவது, காய்கறி நறுக்குவது, பந்தி பரிமாறுவது, விருந்தினரைத் தங்கவைப்பது ஆகிய அனைத்தையும் லயத்தாரே பகிர்ந்து செய்தனர். எந்தப் பொருள் எங்கே மலிவு, எந்தச் சமையற்காரர் நம்பத் தகுந்தவர் என்பதை அறிந்த பெரியவர் ஒருவர் முன்னின்று நடத்துவார். அவருக்கு ஊதியம் கிடையாது. வேட்டி, துண்டும் வெற்றிலைத் தாம்பூலமுமே மரியாதை.

இளைஞர்கள் வெளியூர் சென்றதும், திருமணம் லயத்திலிருந்து மண்டபத்திற்கு மாறியதும் இந்த ஏற்பாட்டைத் தளரச் செய்தன. விலையின்றிக் கிடைத்த உழைப்பு இப்போது விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. மண்டபம், சமையல், பந்தல், ஒலிபெருக்கி, புகைப்படம், வாகனம், மலர் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள். அவர்கள் எல்லோரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் ஒருங்கிணைக்கும் பொறுப்பு மட்டும் யாரிடமும் இல்லாமற் போயிற்று. முன்னின்று நடத்திய பெரியவரின் இடத்தை ஊதியம் பெற்று ஏற்பவரே திருமண ஏற்பாட்டாளர். ஆகவே இத்தொழில் மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான புதுமை என்பதைவிட, பழைய சமூகப் பணி ஒன்று சந்தைப் பணியாக மாறியதன் விளைவு என்று கூறுவதே பொருந்தும்.

ஏற்பாட்டாளரின் பணி

இப்பணியை ஐந்து கட்டங்களாகப் பிரிக்கலாம். முதற்கட்டத்தில், ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன், குடும்பத்தின் கையிருப்பு, வரவிருக்கும் பணம், விருந்தினர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கேட்டறிந்து மதிப்பீடு தயாரிக்க வேண்டும். இரண்டாவது கட்டம் மண்டபம், சமையல், புகைப்படம் ஆகியவற்றிற்கு முன்பணம் செலுத்தி எழுத்து மூலம் உறுதி பெறுவது. ஒரே முகூர்த்த நாளில் பல திருமணங்கள் நடப்பதால் இவை மூன்றும் முதலில் கிடைக்காமற் போகக்கூடியவை. மூன்றாவது கட்டம் அழைப்பிதழ், துணிமணி, வாகனம், தங்குமிடம். நான்காவது கட்டத்தில், திருமணத்திற்குப் பத்து நாட்களுக்கு முன், வருவோர் எண்ணிக்கையை மீண்டும் சரிபார்த்து மளிகை, காய்கறிப் பட்டியலை இறுதி செய்ய வேண்டும். கடைசிக் கட்டம் திருமண நாளும் மறுநாள் கணக்கு முடித்தலும் ஆகும்.

வண்டிப்பெரியாரின் அமைவிடம் இப்பணிக்குச் சில தனித் தேவைகளை உண்டாக்குகிறது. காய்கறியும் வாழை இலையும் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறி வருகின்றன. மலர் தேனி மாவட்டச் சீலையம்பட்டிச் சந்தையிலிருந்தோ திண்டுக்கல் மாவட்ட நிலக்கோட்டைச் சந்தையிலிருந்தோ வர வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மலைச்சாலையில் மண்சரிவு ஏற்பட்டால் இவை உரிய நேரத்தில் வந்து சேரா. ஆகவே மழைக்காலத் திருமணத்திற்குக் கோட்டயம் பக்கத்திலிருந்து வாங்கும் மாற்று ஏற்பாடும் கையில் இருத்தல் வேண்டும். நவம்பர் நடுவிலிருந்து சனவரி நடு வரை சபரிமலைப் பயணிகள் குமுளி வழியாகப் பெருந்திரளாக வருவர். சத்திரம், புல்மேடு வழியாக நடந்து செல்வோரும் இவ்வூரைத் தொட்டே செல்கின்றனர். அக்காலத்தில் வாடகை வாகனங்கள் கிடைப்பது அரிது. சாலைகளில் போக்குவரத்து மாற்றங்களும் செய்யப்படும். கார்த்திகை மாத முகூர்த்தத்திற்குக் கம்பத்திலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டார் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பதை இவற்றையெல்லாம் கருதியே முடிவு செய்தல் வேண்டும்.

உணவிலும் இரு மரபுகளை அறிந்திருத்தல் இன்றியமையாதது. ஒரே பந்தியில் தமிழ்நாட்டுச் சாப்பாட்டை எதிர்பார்ப்போரும் கேரள முறைச் சத்யாவை எதிர்பார்ப்போரும் அமர்வர். கிறித்தவ, இஸ்லாமியத் திருமணங்களில் பிரியாணியும் இறைச்சி உணவும் முதலிடம் பெறும். தமிழ், மலையாளம் ஆகிய இரு மொழிகளிலும் தடையின்றிப் பேசக்கூடிய தோட்டப் பகுதி இளைஞருக்கு இவ்வகையில் வெளியூர்ப் போட்டியாளரைவிட மேலான தகுதி இயல்பாகவே அமைந்துள்ளது.

மதிப்பீடு தயாரித்தல்

திருமணச் செலவை இரண்டாகப் பிரித்து நோக்க வேண்டும். மண்டப வாடகை, புகைப்படம், நாதசுரம், தாலி முதலியன விருந்தினர் எண்ணிக்கையைப் பொறுத்து மாறாத செலவுகள். விருந்து, தாம்பூலப் பை, வாகனம், தங்குமிடம் ஆகியன எண்ணிக்கையோடு ஏறி இறங்கும் செலவுகள். பெரும்பாலான குடும்பங்கள் முதல் வகையில் சிக்கனம் செய்ய முனைந்து, இரண்டாம் வகையைக் கவனியாது விடுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஓர் இலைச் சாப்பாட்டிற்கு 150 ரூபாய் என்று கொள்வோம். 600 பேர் வருவர் என்ற எதிர்பார்ப்பில் சமையலுக்குச் சொல்லி, 420 பேர் மட்டுமே வந்தால், 180 சாப்பாடு வீணாகும். இழப்பு 27,000 ரூபாய். அழைப்பிதழ் கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு பத்து நாட்களுக்கு முன் ஒவ்வொரு குடும்பத்தையும் தொலைபேசியில் கேட்டறிந்து எண்ணிக்கையை 450 எனச் சரியாகக் கணித்திருந்தால், வீண் 30 சாப்பாட்டோடு, அதாவது 4,500 ரூபாயோடு நின்றிருக்கும். மிச்சமாகும் 22,500 ரூபாய், ஏற்பாட்டாளருக்குக் கொடுக்கும் 15,000 ரூபாய்க் கட்டணத்தைவிட மிகுதி. தம் ஊதியத்தைத் தாமே மிச்சப்படுத்தித் தருபவர் என்று குடும்பம் உணரும்போது இத்தொழிலுக்கு உள்ளூரில் வேர் பிடிக்கிறது.

வரவுப் பக்கத்தில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது மொய். தமிழ்க் குடும்பங்கள் மொய்யை வருவாயாகக் கணக்கிட்டுச் செலவைப் பெருக்குவது வழக்கம். ஆனால் மொய் என்பது முன்னர் தாம் பிறர்க்குச் செய்தது திரும்பி வருவதோ, பின்னர் தாம் திருப்பிச் செய்ய வேண்டியதோ ஆகும். கணக்கு முறைப்படி நோக்கின் அதன் ஒரு பகுதி கடனேயன்றி வரவன்று. மொய் நோட்டை ஒழுங்காக எழுதி, திரும்பச் செய்ய வேண்டிய தொகையைத் தனியே காட்டித் தருவது ஏற்பாட்டாளர் செய்யத்தக்க பயனுள்ள பணி.

இரண்டாவது வருங்கால வைப்புநிதி. 1952-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி, ஏழாண்டு உறுப்பினராயிருந்த தொழிலாளி தம் திருமணத்திற்கோ, மகன், மகள், உடன்பிறந்தோர் திருமணத்திற்கோ தமது பங்கில் பாதி வரை எடுத்துக்கொள்ள இடமிருந்தது. 2025 அக்டோபரில் மத்திய அறங்காவலர் குழு இவ்விதிகளைத் தளர்த்த முடிவு செய்தது. தேவையான பணிக்காலத்தை 12 மாதங்களாகக் குறைப்பதும், திருமணத்தின் பொருட்டு ஐந்து முறை வரை பணம் எடுக்க அனுமதிப்பதும் அம்முடிவில் அடங்கும். வட்டிக்கு வாங்கும் முன் இந்த வழியை ஆராயுமாறு அறிவுறுத்துவது ஏற்பாட்டாளரின் கடமை. எனினும் முதுமைக்கான சேமிப்பை ஒரே நாளில் கரைத்துவிடக் கூடாது என்பதையும் அவர் எடுத்துரைத்தல் வேண்டும்.

கட்டணமா, தரகா?

இத்தொழிலின் வெற்றி தோல்வியை முடிவு செய்யும் கேள்வி இதுவேயாகும். ஏற்பாட்டாளர் மூன்று வழிகளில் வருவாய் ஈட்டலாம்: முன்கூட்டியே பேசி முடிக்கும் நிலையான கட்டணம், மொத்தச் செலவில் ஒரு விழுக்காடு, மண்டபம், சமையல், புகைப்படம் ஆகியோரிடம் குடும்பத்திற்குத் தெரியாமல் பெறும் தரகு.

விழுக்காட்டு முறையின் குறை எளிதில் விளங்கும். 3 லட்சம் ரூபாய்த் திருமணத்தில் 10 விழுக்காடு என்றால் அவருக்கு 30,000 ரூபாய் கிடைக்கும். அவர் திறமையாகச் செயல்பட்டுச் செலவை 50,000 ரூபாய் குறைத்தால் அவருடைய வருவாயும் 5,000 ரூபாய் குறைந்துவிடும். சிக்கனம் செய்பவர் இழக்கிறார். செலவைப் பெருக்குபவர் பெறுகிறார். ஒருவர் தம் நலனுக்காக அமர்த்திய முகவரின் நலன் அவருடைய நலனுக்கே எதிராக அமைவது என்று பொருளியலார் சுட்டும் சிக்கல் இதுதான். மறைமுகத் தரகு இதனினும் தீங்கானது. அது சமையற்காரரின் விலையில் ஏறி, இறுதியில் குடும்பத்தின் தலையிலேயே விழுகிறது. நல்ல சமையற்காரரை விடுத்து மிகுதியாகத் தரகு தருபவரைத் தேர்ந்தெடுக்கவும் தூண்டுகிறது.

வண்டிப்பெரியார் போன்ற சிறிய ஊரில் இந்த உண்மை நெடுநாள் மறைந்திராது. ஒரே தோட்டத்தில் வேலை செய்வோர் ஒருவருக்கொருவர் செலவுக் கணக்கை ஒப்பிட்டுப் பேசுவர். ஒரு திருமணத்தில் இழந்த நம்பிக்கை பத்துத் திருமணங்களை இழக்கச் செய்யும். நிலையான கட்டணத்தை வெளிப்படையாகச் சொல்லி, ஒவ்வொரு சேவையாளரின் பற்றுச்சீட்டையும் குடும்பத்திடமே ஒப்படைக்கும் ஏற்பாட்டாளர் முதல் இரண்டு ஆண்டுகளில் குறைவாகவே ஈட்டலாம். ஆனால் அவருக்கு விளம்பரச் செலவு தேவைப்படாது.

பணம் கையாளும் முறைக்கு வரி அடிப்படையிலும் ஒரு முக்கியத்துவம் உண்டு. 2017-ஆம் ஆண்டுச் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின்படி, கேரளத்தில் சேவை வழங்குவோர் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு செய்துகொள்ள வேண்டும். நிகழ்ச்சி ஏற்பாட்டுச் சேவைக்கு வரி 18 விழுக்காடு. ஆண்டுக்கு 20 திருமணங்களை நடத்தி, ஒவ்வொன்றுக்கும் 3 லட்சம் ரூபாயைத் தம் பெயரில் வாங்கிச் செலவு செய்பவரின் கணக்கில் 60 லட்சம் ரூபாய் காணப்படும். குடும்பமே சேவையாளர்களுக்கு நேரடியாகச் செலுத்தி, ஏற்பாட்டாளர் தம் கட்டணத்தை மட்டும் பெற்றால் அவர் கணக்கில் 3 லட்சம் ரூபாயே வரும். நேர்மையான முறையே எளிய முறையாகவும் இங்கு அமைந்துள்ளது.

ஒப்பந்தமும் இடர்களும்

2018 ஆகஸ்டு மாத வெள்ளத்தில் பெரியாற்றங்கரை ஊர்கள் பெரும் சேதமுற்றன. இடுக்கி மாவட்டத்தின் சாலைகள் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. 2020-இல் கோவிட் தொற்றின்போது திருமணத்தில் 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என மத்திய உள்துறை அமைச்சகம் வரையறுத்தது. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் முன்பணம் கொடுத்த குடும்பங்களுக்கும் வாங்கிய சேவையாளர்களுக்கும் இடையே வழக்குகளும் மனக்கசப்புகளும் எழுவதற்குக் காரணம், நிபந்தனைகள் எழுத்தில் இல்லாமையே.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு, நிறைவேற்ற இயலாததாகிவிட்ட ஒப்பந்தம் செல்லாததாகும் என்று கூறுகிறது. ஆயினும் ஏழைக் குடும்பம் முன்பணத்திற்காக நீதிமன்றம் செல்வது நடைமுறையில் அரிது. ஆகவே இரண்டு பக்க ஒப்பந்தத் தாளில் ஐந்து செய்திகள் தெளிவாக இருத்தல் வேண்டும்: சேவையின் விவரம்; மொத்தத் தொகையும் தவணைகளும்; நாள் மாறினால் என்ன செய்வது; திருமணம் நின்றுபோனால் எவ்வளவு திருப்பித் தருவது; இயற்கைச் சீற்றம் அல்லது அரசு ஆணையால் நடத்த இயலாவிடில் முன்பணம் என்னாகும். இத்தாள் குடும்பத்தாருக்கு நன்கு தெரிந்த மொழியில் எழுதப்பட வேண்டும்.

சட்டப் பொறுப்புகள்

திருமண ஏற்பாட்டாளர் அறிந்திருக்க வேண்டிய சட்டங்களுள் முதன்மையானது 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம். பெண்ணுக்கு 18 வயதும் ஆணுக்கு 21 வயதும் நிறைவுற்றிருக்க வேண்டும். குழந்தைத் திருமணத்தை நடத்துபவர், நடத்த உதவுபவர் ஆகியோருக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இச்சட்டம் இடமளிக்கிறது. எனவே முன்பணம் வாங்கும் முன்னரே இருவரின் வயதுச் சான்றையும் பார்த்துப் படியெடுத்து வைத்தல் கட்டாயமான நடைமுறையாக அமைய வேண்டும். சான்று காட்ட மறுப்போரின் பணியை ஏற்காதிருப்பதே முறை.

1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் வரதட்சணை கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியுள்ளது. கேட்காமல் வழக்கப்படி தரப்படும் அன்பளிப்புகளுக்குப் பட்டியல் எழுதி மணமக்கள் கையொப்பமிட வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. இப்பட்டியலைத் தயாரித்துத் தருவது சீர்வரிசை குறித்துப் பின்னர் எழக்கூடிய தகராறுகளைத் தவிர்க்க உதவும்.

திருமணப் பதிவில் எல்லைப் பகுதிக் குடும்பங்கள் அடிக்கடி குழப்பமடைகின்றன. எல்லாத் திருமணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. அதன்பின் கேரளம் 2008-இல் பொது விதிகளை வகுத்தது. அவற்றின்படி திருமணம் நடந்த இடத்து உள்ளாட்சிப் பதிவாளரிடம் 45 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இக்காலம் 90 நாட்கள். திருமணம் வண்டிப்பெரியாரில் நடந்ததா, கம்பத்தில் நடந்ததா என்பதைப் பொறுத்தே எந்த விதி பொருந்தும் என்பது அமையும். மணமான பெண்ணின் குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு முதலியவற்றில் பெயர் மாற்றம் செய்ய இச்சான்று பயன்படும். ஆதலின் பதிவு முடியும் வரை ஏற்பாட்டாளரின் பணி முடிந்ததாகக் கருதலாகாது.

விருந்து சமைப்போர் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்கீழ்ப் பதிவோ உரிமமோ பெற்றிருத்தல் வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்துகின்றன. திருமணச் சடங்குகளிலும் அவற்றையொட்டிய நிகழ்ச்சிகளிலும் பாடல்களை ஒலிபரப்புவதற்கு உரிமக் கட்டணம் கேட்கக் கூடாது என மத்திய அரசு 2023 சூலையில் தெளிவுபடுத்தியுள்ளது. பெரியாறு போன்ற ஆற்றின் கரையில் குப்பை சேராதிருப்பது மற்றொரு பொறுப்பு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களைக் கேரளம் 2020 சனவரியிலிருந்தும், குறிப்பிட்ட சில பொருட்களை மத்திய அரசு 2022 சூலையிலிருந்தும் தடை செய்தன. மலைச் சுற்றுலா இடங்களுக்கும் திருமண விருந்துகளுக்கும் கேரள உயர் நீதிமன்றம் 2025-இல் மேலும் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. எவர்சில்வர் குவளையும் வாழை இலையும் பழைமை மட்டுமல்ல, சட்டத்திற்கும் உகந்தவை.

தொழில் தொடங்கும் வழி

இத்தொழிலுக்கு இயந்திரமோ பெரிய முதலீடோ தேவையில்லை. முதல் ஆண்டில் ஒரு சமையற்காரருடனோ மண்டப மேலாளருடனோ உதவியாளராக இருந்து, பத்துப் பதினைந்து திருமணங்களின் கணக்கைக் கையால் எழுதிப் பார்ப்பதே சிறந்த பயிற்சி. அடுத்து, சேவையாளர் ஒவ்வொருவரின் விலை, நேரந்தவறாமை, தூய்மை ஆகியவற்றைக் குறித்த ஏடு ஒன்றை உருவாக்க வேண்டும். இந்த ஏடே இத்தொழிலின் உண்மையான மூலதனம்.

உத்யம் இணையத் தளத்தில் 2020 சூலை முதல் கட்டணமின்றித் தொழிலைப் பதிவு செய்துகொள்ளலாம். 2015 ஏப்ரலில் தொடங்கப்பட்ட பிரதமரின் முத்ரா திட்டத்தில் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரையிலும், 'கிசோர்' பிரிவில் 5 லட்சம் ரூபாய் வரையிலும் பிணையின்றிக் கடன் பெற வழியுண்டு. எனினும் நாற்காலி, பாத்திரம், பந்தல் சாமான்களைத் தொடக்கத்திலேயே கடனில் வாங்குவது அறிவுடைமையாகாது. முகூர்த்தமில்லாத மாதங்களிலும் தவணை கட்ட வேண்டியிருக்கும்.

வருவாயை ஒரு சிறு கணக்கால் மதிப்பிடலாம். ஒரு திருமணத்திற்குக் கட்டணம் 15,000 ரூபாய், அதற்கான நேரடிச் செலவு 3,000 ரூபாய், ஆண்டு நிலைச் செலவு 96,000 ரூபாய் எனக் கொண்டால், எட்டுத் திருமணங்களில் செலவு ஈடாகும். இருபது திருமணங்கள் நடத்தினால் நிகர வருவாய் 1,44,000 ரூபாய், அதாவது மாதத்திற்கு 12,000 ரூபாய். இது பெருஞ்செல்வமன்று. ஆகவே தொடக்கத்தில் இதனைத் துணைத்தொழிலாக வைத்துக்கொள்வதே நலம்.

எண்ணிக்கையைப் பெருக்க முகூர்த்த நாட்களே தடையாக உள்ளன. ஒருவர் ஒரே நாளில் இரண்டு இடங்களில் நிற்க முடியாது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, எல்லாச் சமயத்தாருக்கும் பணி செய்வது. தமிழர் ஆடி, மார்கழி மாதங்களையும், மலையாளிகள் கர்க்கடக மாதத்தையும், கிறித்தவர்கள் தவக்காலத்தையும், இஸ்லாமியர் பொதுவாக ரமலான் மாதத்தையும் தவிர்க்கின்றனர். ஒரு சமூகத்தாருக்கு மட்டும் பணி செய்பவர் பல மாதங்கள் வேலையின்றி இருப்பார். அனைவருக்கும் பணி செய்பவரின் ஆண்டு நீளும். இரண்டாவது வழி குழுவாக இயங்குவது. 1998-இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ இயக்கத்தின் சமையல் குழுக்கள் கேரளமெங்கும் விருந்துப் பணியில் அனுபவம் பெற்றுள்ளன. கொழுந்து பறிக்கும் பெண்கள் உள்ள ஒரு பகுதியில், சமையல், பரிமாறுதல், மலர் கட்டுதல், கணக்கு ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளும் மகளிர் குழு ஒன்று, தனியொருவரைவிட நிலையாக இயங்கக்கூடும். அருகிலுள்ள தேக்கடியின் விடுதிகளில் நடைபெறும் வெளியூரார் திருமணங்களையும் அத்தகைய குழு காலப்போக்கில் ஏற்கலாம். அவற்றில் கிடைக்கும் கூடுதல் கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைக் குறைவாக வைத்திருக்கத் துணைபுரியும்.

நிருவாகம் செய்யத்தக்கவை

இத்தொழில் வளர அரசிடமிருந்து பெரும் மானியம் எதுவும் வேண்டியதில்லை. தோட்டப் பகுதிப் பஞ்சாயத்துகள் சமூகக் கூடங்களை நியாயமான வாடகைக்குத் தந்து, வாடகை விவரத்தை வெளிப்படையாக எழுதி வைக்கலாம். திருமணப் பதிவுப் படிவங்களைத் தமிழிலும் விளக்கிக் கூறும் ஏற்பாட்டைச் செய்யலாம். மொழிச் சிறுபான்மையினரான தமிழர் தம் மொழியில் அரசு அலுவலகங்களுடன் தொடர்புகொள்ள 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளித்துள்ளது. வங்கிகள் பொருள் வாங்குவதற்கு மட்டுமன்றி, நடைமுறை மூலதனத்திற்கும் சிறு கடன் வழங்க முன்வரலாம். சமையல், முதலுதவி, கணக்கெழுதுதல் ஆகியவற்றில் குறுகிய காலப் பயிற்சிகளை மாவட்டத் தொழில் மையம் குடும்பஸ்ரீயுடன் இணைந்து நடத்தலாம்.

திருமணத்தைச் சிக்கனமாக நடத்துமாறு அறிவுரை கூறுவோர் பலர். உணவுத் தட்டுப்பாடு நிலவிய 1960-களில் விருந்தினர் எண்ணிக்கைக்கு ஆணை மூலம் வரம்பு விதித்த மாநிலங்களும் உண்டு. ஆணையும் அறிவுரையும் ஓரளவிற்கே பயன் தந்தன. தான் மதிக்கும் உறவினர் முன் குறைவுபடக் கூடாது என்ற எண்ணம் எந்தக் குடும்பத்திற்கும் இயல்பு. அந்த மதிப்பைக் குறைக்காமல் செலவைக் குறைப்பது எப்படி என்று எண்ணிக்கையோடு காட்டக்கூடிய ஒருவர் அருகில் இருந்தால் குடும்பம் செவிசாய்க்கும். திருமணம் முடிந்த மறுநாள், பற்றுச்சீட்டுகளையும் மொய் நோட்டையும் மிச்சப் பணத்தையும் பெண்ணின் பெற்றோரிடம் ஒப்படைக்கும்போது, அவர்கள் யாரிடமும் புதிதாகக் கடன்படவில்லை என்றால், அதுவே ஏற்பாட்டாளரின் தேர்ச்சிக்குச் சான்றாகும். அடுத்த திருமணத்திற்கான அழைப்பும் அந்த வீட்டிலிருந்தே தொடங்கும்.